கட்டுப்பாடற்ற வானும் கடப்பாடுள்ள விமானியும்

கிருலப்பனையில் வாழ்வோர்க்கு விமானத்தின் ஒலி புதிதன்று. தெற்கே சில மைல் தொலைவில் இரத்மலானை விமான நிலையம் இருத்தலின், ஹைலெவல் வீதியிற் செல்லும் பஸ் வண்டிகளின் இரைச்சலோடு சிறு விமானங்களின் இரைச்சலும் கலந்தே எம் காதில் விழும். தென்மேற்குப் பருவக்காற்று வீசிய ஒருநாட் பிற்பகல் நாம் கால்வாய்க் கரையோரமாக உலாவிக்கொண்டிருந்தோம். கல்லூரித் தோழர் ஒருவரின் மைந்தனும் உடன் வந்தான். அவனும் எம் கல்லூரியின் பழைய மாணவனே. விமானமோட்டப் பயிற்றும் பாடசாலை ஒன்றிற் சேர்வதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருப்பவன். வானம் தாழ்ந்த முகிலால் மூடியிருந்தது. முகிலின் அடியை ஒட்டியவாறு ஒற்றை எந்திரச் சிறு விமானம் ஒன்று சென்றது. அதே வேளையில் முகிலின் உள்ளிருந்து, கண்ணுக்குத் தோன்றாத பெரிய விமானமொன்றின் முழக்கமுங் கேட்டது. இளைஞன் நின்றான். “மாமா, முகிலுக்குள்ளே வருகிறவருக்குக் கீழே ஒருவர் பறப்பது தெரியுமோ?” என்று எம்மை வினவினான்.

இரத்மலானையிற் கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு என்றும், அங்கிருப்போர் இருவரையும் அறிந்து இருவர்க்கும் அறிவிப்பர் என்றும் விடை கூறினோம். அவன் அவ்வளவில் அமைந்தானல்லன். “அப்படியென்றால், கோபுரமில்லாத இடத்தில்?” என்று மீண்டுங் கேட்டான். அதற்கு உடனே விடைகூற எம்மால் இயலவில்லை. நாம் விமானியல்லோம், விமானத்துறையில் உத்தியோகம் பார்த்தோருமல்லோம். எனினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. அதுபற்றிப் படித்தும், அறிந்தோரைக் கேட்டும் நாம் கொண்ட கருத்தை இம்மலரில் வெளியிடுதல் பொருந்தும் என எண்ணுகின்றோம். பழைய மாணவரின் பிள்ளைகள் விமானத்தின் முன்னிருக்கையில் அமர விரும்பும் காலம் இது. நாமோ பின்னிருக்கையில் அமர்ந்து முன்னிருப்போரை நம்பிச் செல்பவர்கள். ஆகவே இஃது எமக்கு அயலான விடயமன்று.

இரத்மலானையில் முதன் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27ஆந் திகதி. சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாளரான டிண்டேல் பிஸ்கோ என்பார் பஸ் மொத் என்னுஞ் சிறு விமானத்தை அங்கே இறக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1947 டிசம்பர் 10ஆந் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் அதே நிலையத்திலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. விடுமுறைக்கு யாழ்தேவியில் ஏறாது, பலாலிக்கு டக்கோட்டாவிற் சென்று இறங்கிய பெருமையைப் பேசும் பழைய மாணவர் சிலர் இன்றும் எம்மிடையே உளர். அந்நாளில் வானம் பெரிதாயும் விமானங்கள் சிலவாயும் இருந்தன. ஒருவரையொருவர் காணாது போயினும் பெரும்பாலும் கேடு விளையவில்லை. அது விதியின் சிறப்பாலன்று, வெற்றிடத்தின் சிறப்பால் என்பதை நாம் மறத்தலாகாது.

பறத்தல் இருவகைப்படும். முகிலுக்குப் புறம்பே, நிலத்தையும் தொடுவானையும் கண்ணாற் கண்டு, பிற விமானங்களையுங் கண்ணாற் கண்டு விலகிச் செல்வது ஒருவகை. இதனைக் கட்புலப் பறப்பு எனலாம். பயில்வோரும், பொழுதுபோக்காய்ப் பறப்போரும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லுஞ் சிறு விமானமோட்டிகளும் பெரும்பாலும் இவ்வகையினர். முகிலினுள்ளும் இருளினுள்ளும், வெளியே யாதும் புலப்படாதபோதும், முன்னே உள்ள கருவிகளின் முட்களையும் எண்களையும் நம்பி, முன்கூட்டி வகுத்த வழியே செல்வது மற்றைய வகை. இது கருவிப் பறப்பு. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்கள் இம்முறையையே கைக்கொள்ளும். இவ்விரண்டிற்கும் தனித்தனி விதிகளும், தனித்தனிப் பயிற்சியும், தனித்தனித் தகுதியும் உள. ஆனால் வானம் ஒன்றே.

அவ்வொரே வானத்தைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஏழு வகுப்புகளாகப் பிரித்துள்ளது. இலங்கையும் 1948 முதல் அதன் உறுப்பு நாடாகும். ஆங்கில அரிச்சுவடியின் ஏ முதல் ஜீ வரையான எழுத்துக்களே அவ்வகுப்புகளின் பெயர். முதல் ஐந்தும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. இறுதி இரண்டும் கட்டுப்பாடற்றவை. ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்து வகுத்துக்கொள்ளும். கட்டுப்பாடுள்ள வானிற் கருவிப் பறப்புச் செய்வோரை, ஒருவரோடொருவர் நெருங்காவண்ணம் நிலத்திலிருந்து பிரித்து வைப்பதற்குப் பொறுப்புள்ள உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். ஜீ என்னும் வகுப்பில் அத்தகைய பிரிப்பு எவர்க்கும் இல்லை. கேட்பவர்க்குத் தாம் அறிந்த செய்தியை நிலத்திலுள்ளோர் சொல்லுவர். மோதாமற் காக்கும் பொறுப்பை ஏற்கமாட்டார். கருவிப் பறப்புச் செய்பவர், கட்புலப் பறப்புச் செய்பவர் ஆகிய இருவர்க்கும் அங்கே சமமாக இடமுண்டு.

இவ்விடத்தேதான் இளைஞனின் வினா கூர்மை பெறுகின்றது. கட்டுப்பாடற்ற வானில், மூவாயிரம் அடிக்குக் கீழே, கட்புலப் பறப்புச் செய்பவர் முகிலைத் தீண்டாது, நிலத்தைக் கண்டுகொண்டு சென்றாற் போதும் என்பது பொதுவிதி. முகிலுக்கும் அவருக்கும் இடையே இத்தனை அடி இருத்தல் வேண்டும் என்று அங்கு வரையறையில்லை. ஆகவே முகிலின் அடியை உரசுவது போலப் பறப்பவர் விதியை மீறியவரல்லர். அதே களத்திற் கருவிகளின் துணைகொண்டு இறங்குபவர் அம்முகிலைத் துளைத்துக்கொண்டு கீழே வருவார். அவரும் விதியை மீறியவரல்லர். இருவருடைய ஏடுகளும் குற்றமற்றவை. ஆயினும் ஒருவர் முகிலை விட்டு வெளிப்படும் கணத்தில் மற்றவர் அவர்முன் நிற்பாராயின், அவ்வேடுகள் இருவரையுங் காவா.

மேலே சொன்ன நிலையில், ஒருவரையொருவர் கண்டு விலகுதல் ஒன்றே காப்பென்பர். அக்காப்பின் வலிமையைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 90 கடல்மைல் வேகத்திற் செல்லும் சிறு விமானமும், 200 கடல்மைல் வேகத்தில் வரும் பிரயாணிகள் விமானமும் நேர்க்குநேர் வருவனவாகக் கொள்வோம். அவை ஒன்றையொன்று செக்கனுக்கு ஏறக்குறைய 150 மீற்றர் வீதம் நெருங்கும். எதிரே வருவதைக் கண்டு, அது விமானமென உணர்ந்து, மோதும் என்று தேர்ந்து, எப்பக்கம் திரும்புவதென முடிவு செய்து, கையை அசைத்து, விமானமும் அசைவதற்கு 12.5 செக்கன்கள் வேண்டும் என அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் தன் அறிவுரையிற் கூறுகின்றது. அந்நேரத்திற்குள் இரண்டிற்கும் இடையே கழியுந் தூரம் ஒரு கடல்மைல். அத்தூரத்திற் சிறு விமானமொன்றின் 11 மீற்றர் அகலமான இறக்கை, நீட்டிய கையில் வைத்த உளுந்து மணி ஒன்றின் அளவே தோன்றும். அதுவும் முகிலின் வெண்மையிலோ காட்டின் பசுமையிலோ கலந்து கிடக்கும்.

மேலும் ஒரு வஞ்சனை உண்டு. அசைவதைக் காணுதல் கண்ணின் இயல்பு. மோதும் வழியில் வரும் விமானமோ, இரண்டும் தத்தம் வழியும் வேகமும் மாறாது செல்லுமாயின், கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாது நிற்கும் புள்ளியாகவே தோன்றும். எமக்குத் தீங்கு செய்யாத விமானமே நகர்ந்து காட்டும். தீங்கு செய்வது நகராது, இறுதியிற் சடுதியாகப் பெருகும். கருவிப் பறப்பினின்று மீண்டவரோ, அக்கணம் வரை கருவிகளிலேயே கண்ணைப் பதித்திருந்தவர். கண்ணை வெளியே செலுத்தி, ஒளிக்குப் பழக்கி, ஓடுபாதையைத் தேடுவதே அவர்க்குப் பெரும் வேலையாயிருக்கும்.

1956 யூன் 30ஆந் திகதி நிகழ்ந்தது இதற்குச் சான்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட இரு பெரிய பிரயாணிகள் விமானங்கள், அரிசோனாவிலுள்ள கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே, ஏறக்குறைய 21,000 அடி உயரத்தில் மோதின. 128 பேரும் மாண்டனர். இரண்டும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட வழிகளை விட்டு நீங்கிக் கட்டுப்பாடற்ற வானிற் சென்றவை. இரண்டும் ஒரே உயரத்திற் செல்வதை நிலத்திலிருந்த உத்தியோகத்தர் ஒருவர் அறிவார். ஆனால் கட்டுப்பாடற்ற வானிற் செல்வோர்க்கு அதனை அறிவித்தல் அவருடைய கடமையாக விதிக்கப்படவில்லை. விமானிகள் ஒருவரையொருவர் உரிய நேரத்திற் கண்டாரல்லர். அவ்வழிவின் பின்னரே, 1958இல், அமெரிக்கா விமானப் போக்குவரத்துக்கெனப் புதிய சட்டமியற்றி, வான்வழிக் கட்டுப்பாட்டை ஒரு நிருவாகத்தின் கீழ் ஒழுங்குசெய்தது. தேர்ந்த விமானிகள், தெளிந்த கருவிகள், பகல் வெளிச்சம் யாவும் இருந்தும், கண் ஒன்றையே நம்பிய காப்புக் காவாது போயிற்று.

அவ்வாறாயின், வானம் முழுவதையுங் கட்டுப்பாட்டின் கீழ்க் கொணர்ந்துவிடலாமே என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். கட்டுப்பாடென்பது ஏட்டில் ஒரு கோடு கீறுவதால் வருவதன்று. உத்தியோகத்தர் வேண்டும், வானொலித் தொடர்பு வேண்டும், மலைகளுக்குப் பின்னும் தாழ்ந்த உயரத்திலும் தடையின்றிக் காணும் ராடார் வேண்டும். மலைநாட்டுப் பள்ளத்தாக்கில் 1,500 அடி உயரத்திற் செல்லும் சிறு விமானத்தைத் தொலைவிலுள்ள ராடார் காண்பது அரிது. காணாதவர் கட்டுப்படுத்துவதாகச் சொல்லுதல், காவலில்லா வீட்டுக்குக் காவலனின் பெயர்ப்பலகையை மாட்டுவதையே ஒக்கும். பயிற்சிப் பாடசாலைகளும் அச்செலவைத் தாங்கமாட்டா. அவை மூடுமாயின், நாளைய பெரிய விமானங்களுக்கு விமானி எங்கிருந்து வருவான்? ஒவ்வொரு பெரிய விமானியும் ஒருநாட் சிறு விமானியாயிருந்தவனே.

மேலும், கட்டுப்பாடு ஒன்றே காத்துவிடும் என்பதும் மெய்யன்று. 1996 நவம்பர் 12ஆந் திகதி, டில்லிக்கு மேற்கே ஹரியானாவிலுள்ள சார்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேலே, சவூதி நாட்டுப் போயிங் விமானமும் கசாக்கிஸ்தான் நாட்டு இலியூஷின் விமானமும் மோதின. 349 உயிர்கள் மாண்டன. இருவரும் ஒரே கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் இருந்தவர்கள். ஒருவர்க்கு 14,000 அடியும் மற்றவர்க்கு 15,000 அடியும் விதிக்கப்பட்டிருந்தன. 15,000 அடியில் நிற்கவேண்டிய விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அக்காலத்து டில்லி ராடார் விமானங்களின் உயரத்தைக் காட்ட வல்லதன்று. மோதலை முன்னறிவிக்கும் கருவியும் அவ்விரண்டிலும் இல்லை. அதன் பின்னர் இந்தியா அக்கருவியைக் கட்டாயமாக்கியது.

அதற்குச் சரியாக ஒரு வாரங் கழித்து, நவம்பர் 19ஆந் திகதி, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரில் நிகழ்ந்தது வேறொரு பாடம். அங்குக் கட்டுப்பாட்டுக் கோபுரமில்லை. பொது அலைவரிசை ஒன்றில் ஒவ்வொருவரும் தம் இருப்பைத் தாமே அறிவித்துக் கொள்ளுதலே வழக்கம். இறங்க வந்த பிரயாணிகள் விமானம், ஓடுபாதை முனையில் நிற்கும் கிங் எயார் விமானம் தரித்து நிற்குமா என்று கேட்டது. கிங் எயாரிலிருந்து மறுமொழி இல்லை. அதன் பின்னே நின்ற வேறொரு சிறு விமானத்தின் விமானி, தாம் நிற்பதாக மறுமொழி சொன்னார். அம்மறுமொழியின் ஒரு பகுதி எச்சரிக்கைக் கருவியின் ஒலியில் அமிழ்ந்துபோயிற்று. இறங்க வந்தோர் அதனைக் கிங் எயாரின் மறுமொழியென்றே கொண்டனர். கிங் எயாரோ புறப்பட்டு ஓடிற்று. ஒன்றையொன்று குறுக்கிடும் இரு ஓடுபாதைகளின் சந்தியில் இரண்டும் மோதி, 14 பேர் மாண்டனர். அங்கே பேச்சு இருந்தது. ஆனால் பேச வேண்டியவர் பேசவில்லை. பேசியவர் இன்னாரென்று தெளியவில்லை.

இன்னும் அண்மையில், 2020 பெப்ரவரி 19ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மங்களூர் என்னும் விமானக் களத்தின் அருகே, கட்டுப்பாடற்ற வானில், ஏறக்குறைய 4,100 அடி உயரத்தில் இரு பயிற்சி விமானங்கள் மோதி நால்வர் இறந்தனர். இரண்டும் கருவிப் பறப்பு விதிகளின்படி சென்றவையே. ஒவ்வொன்றுக்கும் மற்றது வருகின்றதென்ற செய்தியை நிலத்திலிருந்து சொல்லியுமிருந்தனர். ஆனால் அவ்விருவரும் தம்முட் பேசி, இன்னார் இன்ன உயரத்தில் நிற்பதென்று ஒழுங்கு செய்துகொள்ளவில்லை. ஒருவர் இருப்பைத் திரையில் மற்றவர்க்குக் காட்டும் கருவியும் அவ்விமானங்களில் இல்லை. செய்தி கேட்டல் வேறு, ஒழுங்கு செய்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இவற்றை எண்ணிப் பார்க்கும்போது எமக்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் நினைவுக்கு வருகின்றன. இருமருங்கும் உயர்ந்த கிடுகு வேலி. நடுவே ஒருவர் செல்லும் வழி. சிறிது தூரத்திற்கு ஒரு முடக்கு. கிருலப்பனைச் சந்தியிற்போல அங்கே சிவப்பு விளக்குமில்லை, பச்சை விளக்குமில்லை, பொலிஸ்காரருமில்லை. ஆயினும் சைக்கிளில் வருபவர் எவரும் முடக்கை அணுகும்போது மணியடிக்க மறப்பதில்லை. சட்டம் கேட்டது என்பதற்காக அவர் அடிக்கவில்லை. வேலிக்கு அப்பால் வருபவர் தம்மைப் போன்ற ஒருவர் என்ற நினைவே அவரை அடிக்கச் செய்கின்றது. எதிரே ஒருவருமில்லாதிருப்பினும் ஒருமுறை மணியடித்ததால் வரும் நட்டம் யாது? கட்டுப்பாடற்ற வானும் அத்தகைய ஒழுங்கையே. அங்கே காவலரில்லை என்பதால் கடப்பாடில்லை என்பது பொருளன்று. காவலரின் கடப்பாடும் விமானியின் தலையில் வந்து சேர்கின்றது என்பதே பொருள்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

முதலாவது, கோபுரமில்லாத ஒவ்வொரு களத்துக்கும் ஒரு பொது அலைவரிசை இருத்தலும், அதனை அணுகும் ஒவ்வொரு விமானமும் வானொலி உடையதாய், பேசுவதாய் இருத்தலும் வேண்டும். அது மட்டும் போதாது. பேசும் பேச்சு மற்றவர்க்கு விளங்கவும் வேண்டும். கருவிப் பறப்புச் செய்பவர் தம் வழியிலுள்ள ஐந்தெழுத்துப் புள்ளி ஒன்றின் பெயரைச் சொல்லி அதனைக் கடந்தேன் என்பார். கட்புல விமானியின் படத்தில் அப்பெயர் இல்லை; அவனுக்கு அச்சொல் வெற்றொலி. கட்புல விமானியோ, குளக்கட்டின் மேல் நிற்கிறேன் என்பான். முகிலினூடே தொலைவூரிலிருந்து வருபவர் அக்குளத்தை எங்கே கண்டார்? களத்திலிருந்து எத்தனை மைல், எத்திசை, எவ்வளவு உயரம், ஏறுகின்றாரா இறங்குகின்றாரா, எத்தனை நிமிடத்தில் வந்தடைவார் என்னும் ஐந்தையும் எளிய சொல்லில் இருவருஞ் சொல்லப் பழகுதல் வேண்டும். எதிரே ஒருவர் இருப்பதாகக் கேட்டால், அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவரே மறுமொழி தந்தாரெனத் தெளிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

இரண்டாவது, கருவி. பெரிய விமானங்களிலுள்ள டீகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி எதிரே வருவதைத் தானாகக் காண்பதன்று. அது வினாவும், எதிர் விமானத்திலுள்ள டிரான்ஸ்பொண்டர் என்னும் மறுமொழிக் கருவி விடையளித்தால் மட்டுமே அறியும். விடையளிக்கும் கருவி இல்லாத, அல்லது அதனை நிறுத்தி வைத்திருக்கும் சிறு விமானம், எத்துணை விலையுயர்ந்த டீகாஸுக்கும் இல்லாத பொருளே. ஆதலின் விமானம் சிறிதாயினும் அக்கருவி இருத்தலும், உயரத்தைத் தெரிவிக்கும் நிலையில் இயங்குதலும் வேண்டும். தன் இடத்தைச் செய்மதிகளின் துணையால் அறிந்து ஓயாது ஒலிபரப்பும் ஏ.டி.எஸ்.-பி. என்னும் முறையை 2020 முதல் அமெரிக்கா கட்டுப்பாட்டுக்குட்பட்ட வானத்தின் பெரும்பகுதியிற் கட்டாயமாக்கியுள்ளது. அவுஸ்திரேலிய அரசாங்கம் 2022இல், சிறு விமானங்கள் அதனைப் பொருத்துஞ் செலவின் ஒரு பகுதியைத் தானே ஈடுசெய்ய முன்வந்தது. இது நல்ல முன்மாதிரி. சிறு விமானி அக்கருவியைப் பொருத்துவதாற் பயனடைவோர் பெரிய விமானத்திற் செல்வோருமே. பயன் பொதுவாயிருக்கச் செலவை எளியவன் தலையில் மாத்திரம் சுமத்துதல் நீதியன்று.

மூன்றாவது, கல்வி. கருவி விதிப்படி பறப்பவர்க்கு வழியுரிமை உண்டு என்ற தவறான எண்ணம் சிலரிடம் இருக்கின்றது. வழியுரிமை விதிகள் இருவர்க்கும் ஒன்றே. நேரெதிரே வருவோர் இருவரும் வலப்புறம் திரும்புதல் வேண்டும். குறுக்கே வருங்கால், மற்றவரைத் தம் வலப்புறத்திற் காண்பவர் வழிவிடுதல் வேண்டும். முகிலை விட்டு வெளியே வந்த கணமே, கருவி விமானியும் கண்ணாற் பார்த்து விலகுங் கடமைக்கு உட்பட்டவராகிறார். இதனை அவர்க்கு வலியுறுத்துதல் வேண்டும். கட்புல விமானிக்கோ, களத்தை நோக்கி முகிலினூடே கருவி விமானங்கள் இறங்கும் வழி எத்திசையில், எத்தனை அடி உயரத்திற் செல்கின்றது என்பதைப் படத்திற் குறித்துக் காட்டிப் பயிற்றுதல் வேண்டும். அறிந்தவன் அவ்வழியில் முகிலின் அடியை உரசான். விதி இடங்கொடுத்தாலும் அறிவு இடங்கொடாது.

இதனைச் சிறு நாடாகிய எமக்கு வேண்டாத கவலையெனச் சிலர் எண்ணலாம். எம் தீவில் விமானக் களங்கள் பல. அவற்றுட் சில உலகப்போர்க் காலத்தில் எழுந்தவை. நீர்த்தேக்கங்களிலும் ஆற்று முகங்களிலும் இறங்க வல்ல சிறு விமானங்கள் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றதையும் கண்டுள்ளோம். நீர்ப்பரப்பில் ஓடுபாதைக் கோடுமில்லை, கோபுரமுமில்லை. 2019இல் பலாலி மீண்டும் சர்வதேச நிலையமாகி, சென்னையிலிருந்து விமானம் வந்திறங்கியபோது மகிழாத தமிழர் எவர்? வானில் வழிகள் பெருகுதல் நாம் வேண்டி நின்ற நன்மை. அவை பெருகுமுன் ஒழுக்கம் பெருகுதல் வேண்டும். பிற நாடுகள் தம் விதிகளை இரத்தத்தால் எழுதின. அவ்வேட்டைப் படிப்பதற்கு எமக்குச் செலவொன்றுமில்லை.

கண்ணும் குரலும் கருவியும் தனித்தனியே குறையுடையன. கிராண்ட் கன்யனிற் கண் பொய்த்தது. குவின்சியிற் குரல் பொய்த்தது. கருவியும் ஒருநாட் பழுதுபடும். அதனை நம்பி வெளியே பாராதிருப்போன் பழைய ஆபத்திற் புதியதொன்றைச் சேர்த்தவனாவான். ஒன்று தவறுங்கால் மற்றது தாங்குமாறு மூன்றையும் சேர்த்துக் கைக்கொள்வதே அறிவுடைமை. இவ்விடயத்தில் அதிகாரமுடையோர் விதிகளை ஆராய்ந்து திருத்துதல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். ஆயினும் விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் விமானிக்கு இல்லை. ஒழுங்கையில் மணியடிக்க எவரும் சட்டத்தை எதிர்பார்த்திருந்ததில்லை.

சில நாட்களின் பின் அவ்விளைஞனை மீண்டும் அதே கால்வாய்க் கரையிற் கண்டோம். அவனுக்குச் சொல்லவேண்டிய விடை இப்போது எம்மிடம் இருந்தது. “தம்பி, இரத்மலானையிலே கோபுரம் சொல்லும். கோபுரமில்லாத இடத்தில், முகிலுக்குள்ளே வருகிறவருக்கு நீ சொன்னால்தான் தெரியும். அவர் சொன்னால்தான் உனக்குந் தெரியும்” என்றோம். அவன் சிறிது யோசித்து, “அப்ப, இரண்டு பேரும் மற்றவர் சொல்லட்டும் என்று இருந்தால்?” என்று கேட்டான். அவ்வாறு இருந்தவர்களின் கதைகளையே அவனுக்குச் சொன்னோம். இங்கு எழுதியனவும் அவையே. பயிற்சி முடித்து அவன் தனியே பறக்கும் முதல் நாளில், கட்டுப்பாடற்ற வானில் அவன் குரல் முதலிற் கேட்கவேண்டும் என்பது எம் விருப்பம்.